குரங்கின் உட்செவியை எதைக்கொண்டு அளப்பது?

குரங்கு கிளைவிட்டுக் கிளை தாவும்போது உடல் காற்றில் புரள்கிறது. பார்வை மட்டும் பிடிக்கப்போகும் கிளையைவிட்டு அகல்வதில்லை. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று உட்செவி நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண் தசைகள் அதற்கேற்ப எதிர்ப்பக்கம் இழுத்து ஈடுகட்டுகின்றன. இந்த உட்செவியின் எலும்பு உறை மண்டையோட்டிலேயே மிகக் கெட்டியான பகுதிக்குள் புதைந்திருக்கிறது. முகம் நொறுங்கிப் போன புதைபடிவத்தில்கூட அந்தப் பகுதி தப்பிவிடுவதுண்டு. அதனால்தான் குரங்குகளின் பரிணாமத்தைத் துருவுகிறவர்கள் காதுக்குள் தலையை விடுகிறார்கள்.

சரி, வடிவத்தை ஆராய்வது என்று முடிவாகிவிட்டது. ஸ்கேன்களும் கையில் இருக்கின்றன. எதைக்கொண்டு அளப்பது? இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: குழல்களின் ஆரத்தை அளப்பது, வடிவத்தின்மேல் புள்ளிகளை வைப்பது, ஒரு பரப்பை இன்னொன்றாக உருமாற்றிப் பார்ப்பது. ஒரே எலும்பை வைத்துக்கொண்டு இந்த மூன்றும் ஒரே பதிலைத் தருவதில்லை. எனவே பாதி வேலை முடிந்தபின் யோசிக்கிற விஷயம் அல்ல இது. எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் அளக்கப்படும் பொருளைப் பார்த்துவிடலாம். உட்செவியின் ஒரு பக்கம் கேட்பதற்கான காக்ளியா, நத்தை ஓடு போலச் சுருண்டது. மறுபக்கம் முன், பின், பக்கம் என மூன்று அரைவட்டக் குழல்கள். முன்குழலும் பின்குழலும் ஒரு முனையில் சேர்ந்து ஒரே தண்டாக இறங்கும். எலும்புக் குழலுக்குள் அதைவிட மெல்லிய சவ்வுக் குழல், அதற்குள் எண்டோலிம்ஃப் என்ற திரவம். தலை திரும்பும்போது எலும்பு உடனே கூடத் திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். குழலின் ஒரு முனையில் ஆம்புல்லா என்ற புடைப்பு இருக்கிறது. பின்தங்கிய திரவம் அங்கே ஜெல்லி போன்ற ஒரு தடுப்பைத் தள்ள, அதில் செருகியிருக்கும் மயிர்ச்செல்கள் நரம்புக்குச் செய்தி அனுப்பும். வளையம் பெரிதானால் சிறு திருப்பத்துக்கும் தடுப்பு நன்றாக அசையும். வடிவத்துக்கும் வேலைக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு உள்ள எலும்புகள் உடலில் அதிகம் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த வளையங்கள் கருவிலேயே ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகின்றன. மனிதக் கருவில் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே இது முடிந்துவிடும். கால் எலும்பு வாழ்நாள் முழுக்க நடந்த நடைக்கேற்பத் தடிக்கும், வளையும். உட்செவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே அதில் தெரியும் வேறுபாட்டை ஒரு தனிக் குரங்கின் வாழ்க்கைமுறை உண்டாக்கியது என்று தள்ளிவிட முடியாது.

இனி வழிகள். ஆரம்தான் மூத்தது. 1963இல் ஜோன்ஸ், ஸ்பெல்ஸ் என்ற இருவர் குழலின் அளவுகளுக்கும் விலங்கின் எடைக்கும் உள்ள உறவைக் கணிதமாக எழுதியபோதே இதற்கு அடித்தளம் விழுந்துவிட்டது. செய்முறை எளிது. வளையத்தின் உயரம், அகலம் இரண்டையும் எடுத்து, சராசரி பார்த்து, பாதியாக்கினால் ஆரம். 1994இல் ஃபிரெட் ஸ்பூரும் கூட்டாளிகளும் இதே எளிய அளவுகளைக்கொண்டு அழிந்துபோன மனித இனமான ஹோமோ எரெக்டஸின் குழல்கள் நம்முடையவை போலவும், அதைவிடப் பழைய மனித உறவான ஆஸ்ட்ரலோபிதெகஸின் குழல்கள் வாலில்லாப் பெருங்குரங்குகளுடையவை போலவும் இருப்பதைக் காட்டினார்கள். 2007இல் அதே ஸ்பூரின் குழு 91 பிரைமேட் (தேவாங்கு, குரங்கு, மனிதர் எல்லாம் சேர்ந்த வரிசை) இனங்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு பாலூட்டிகளையும் சேர்த்துப் பார்த்தது. எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சுறுசுறுப்பாகப் பாய்கிறவற்றுக்கு வளையம் பெரிது, தேவாங்கு போல ஊர்கிறவற்றுக்குச் சிறிது. அழகான முடிவு. இன்றும் ஒரு புதைபடிவக் குரங்கு எப்படி நகர்ந்தது என்று கேட்டால் பலர் முதலில் எடுப்பது இந்தச் சமன்பாட்டைத்தான்.

ஆனால் அந்தச் சுறுசுறுப்பு எப்படி அளக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். விலங்குகளைக் களத்தில் பார்த்தவர்கள் 1 முதல் 6 வரை மதிப்பெண் போட்டார்கள். மிக மந்தமானது 1, மிக வேகமானது 6. பரீட்சைத் தாள் திருத்துவது போலத்தான். 2012இல் மலின்சாக், கே, ஹல்லர் மூவரும் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, விலங்குகள் நகரும்போது தலை சுழலும் வேகத்தையே முப்பரிமாணத்தில் அளந்தார்கள். எடையையும் மரபுறவையும் கணக்கில் எடுத்தபின் ஆரத்துக்கும் தலையின் வேகத்துக்கும் தொடர்பு நிற்கவில்லை. நின்றது வேறொன்று: மூன்று குழல்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு துல்லியமாகச் செங்குத்தாக இருக்கின்றன என்பது. தலையை வேகமாகத் திருப்புகிறவற்றுக்கு அந்தக் கோணங்கள் 90 பாகைக்கு நெருக்கமாக இருந்தன. அதாவது எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரே அளவு உணர்வு.

இதனால் ஆரம் பொய் என்றாகிவிடாது. இரண்டு ஆய்வுகளும் எடுத்துக்கொண்ட விலங்குகள் வேறு, கேட்ட கேள்வியும் முற்றிலும் ஒன்றல்ல. ஆனால் ஆரத்தை மட்டும் அளந்து வைத்தவரிடம் கோணம் பற்றிக் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். வளையம் உண்மையில் வட்டமும் அல்ல. முன்குழல் தளத்தைவிட்டு முறுக்கிக்கொண்டு போவதும், பொதுத்தண்டு நீண்டோ குட்டையாகவோ இருப்பதும் ஆரத்தில் பதிவாவதில்லை. ஒரே ஆரத்தை வைத்துக்கொண்டு இரண்டு வடிவங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் விலகி நிற்கலாம். ஆரத்தின் பலம் வேறு இடத்தில்: அளக்க நேரம் ஆகாது, பத்தாண்டுக்கணக்கில் வெளியான எண்களோடு நேராக ஒப்பிடலாம், இயற்பியலில் அதற்கு அர்த்தம் உண்டு.

இரண்டாவது வழி புள்ளிகள். ஸ்கேனிலிருந்து உட்செவியின் முப்பரிமாண உருவத்தைப் பிரித்தெடுத்து, எல்லா இனத்திலும் ஒன்றுபோல அடையாளம் காணக்கூடிய இடங்களில் புள்ளி வைப்பார்கள்: ஆம்புல்லா குழலைச் சந்திக்கும் இடம், பொதுத்தண்டு பிரியும் இடம், நடுச்செவியின் அங்கவடி எலும்பு வந்து பொருந்தும் சாளரத்தின் விளிம்பு. இவற்றுக்கு நடுவே குழலின் மையக்கோடு நெடுக வழுக்குப் புள்ளிகள். ஒரு வளைவின் நடுவில் இதுதான் அந்த இடம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது அல்லவா? அதனால் அந்தப் புள்ளிகளைக் கோட்டின்மேல் சற்று முன்பின் நகரவிட்டுப் பொருத்துவார்கள். பிறகு எல்லா உருவங்களையும் ஒரே அளவாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகத் திருப்பி வைப்பார்கள். இதற்குப் புரோக்ரஸ்டஸ் பொருத்தம் என்று பெயர். கட்டிலின் நீளத்துக்கு விருந்தாளியின் காலை வெட்டியோ இழுத்தோ சரிசெய்த கிரேக்கக் கதை ஆளின் பெயர்தான். நல்லவேளையாக இங்கே யாருடைய காலும் போவதில்லை. அளவு தனி எண்ணாகப் பத்திரமாக இருக்கும்.

2010இல் லெப்ரனும் கூட்டாளிகளும் லெமூர், தேவாங்கு வகைகளின் உட்செவியை இப்படிப் புள்ளிவழி ஆராய்ந்து, அதில் பழைய உறவுகளின் தடம் ஆழமாகப் பதிந்திருப்பதைக் காட்டினார்கள். எப்படி நகர்கிறது என்பதை மட்டும் சொல்லும் உறுப்பு என்று நினைத்திருந்த ஒன்று, யாருடைய வாரிசு என்பதையும் சொல்லத் தொடங்கியது.

இதன் குறை மனிதக் கை. அதே எலும்பில் இன்று வைத்த புள்ளியும் அடுத்த வாரம் வைத்த புள்ளியும் ஒன்றாக இருக்காது. ஆம்புல்லாவின் எல்லை குறிப்பாகத் தொல்லை, ஏனென்றால் புடைப்பு எங்கே தொடங்குகிறது என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. நெருங்கிய உறவுள்ள இரண்டு மக்காக் இனங்களை ஒப்பிடும்போது இந்தக் கைப்பிழை இனவேறுபாட்டின் அளவுக்கே வந்துவிடலாம்.

மூன்றாவது வழி அந்தக் கையை அகற்றிவிடப் பார்க்கிறது. புள்ளியே வேண்டாம். எல்லா உட்செவிகளிலிருந்தும் ஒரு சராசரி உருவத்தைக் கணினி உருவாக்கும். பிறகு அந்தச் சராசரியைக் களிமண் போலப் பிசைந்து ஒவ்வொரு குரங்கின் உருவமாகவும் மாற்றும். எவ்வளவு, எந்தப் பக்கம் பிசைய வேண்டியிருந்தது என்பதே தரவு. 2020இல் உர்சியோலியும் கூட்டாளிகளும் குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், மனிதர்கள் ஆகியோரின் உட்செவிச் சமநிலைப் பகுதியை இப்படி ஒப்பிட்டு, அதில் மரபுறவின் தடம் வலுவாக இருப்பதை எண்களால் நிறுவினார்கள். அழிந்துபோன வாலில்லாக் குரங்கான ஓரியோபிதெகஸும் அந்த வரிசையில் இருந்தது. இந்த வழியின் தனிச்சிறப்பு, குழலின் தடிமனும் புடைப்பும் விடுபடாமல் சேர்ந்துவிடுவது. மையக்கோட்டுப் புள்ளிகள் ஒரு குழல் பருத்ததா மெலிந்ததா என்று சொல்லாது, பரப்பு சொல்லும்.

பிறகு ஏன் எல்லோரும் இதற்கே தாவிவிடக் கூடாது? முதலில், ஸ்கேனில் எலும்புக்கும் காற்றுக்கும் எல்லை போடும்போது எந்தப் பிரகாசத்துக்கு மேல் எலும்பு என்ற வரம்பைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ குழல்கள் முழுவதும் தடிக்கும், மெலியும். மையக்கோடு அதைப் பொருட்படுத்தாது. பரப்பு அப்படியே வாங்கிக்கொள்ளும். வெவ்வேறு இயந்திரங்களில் எடுத்த ஸ்கேன்களைக் கலந்து பயன்படுத்தினால், குரங்கின் வடிவத்தை அளக்கிறோமா இயந்திரத்தின் வடிவத்தையா என்ற கேள்வி வரும். அடுத்தது, கையை அகற்றிவிட்டோம் என்பதே ஓரளவுக்குத்தான் உண்மை. எவ்வளவு நுணுக்கமாகப் பிசைய அனுமதிப்பது என்று ஓர் எண்ணை ஆய்வாளர்தான் கொடுக்க வேண்டும். பெரிய எண் கொடுத்தால் மொத்த வடிவம் மட்டும் மாறும், சிறிய எண் கொடுத்தால் பரப்பிலுள்ள கரடுமுரடெல்லாம் பரிணாமமாகத் தெரியும். புள்ளி வைத்தவரின் விருப்பு வெறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது. இது ஒரு எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

குரங்குகளுக்கு நான் எடுப்பது இரண்டாவது வழி, அதிலும் மையக்கோட்டுப் புள்ளிகள். காரணம் துல்லியம் அல்ல. மையக்கோட்டைக் கவனமாக வரைந்துவிட்டால் அதிலிருந்தே ஆரத்தையும் குழல்களுக்கு இடையிலான கோணங்களையும் கணக்கிட்டுவிடலாம். 2007இன் கேள்வி, 2012இன் கேள்வி, மரபுறவுக் கேள்வி, மூன்றையும் ஒரே தரவிடம் கேட்கலாம். ஆரத்திலிருந்து மையக்கோட்டுக்குத் திரும்பி வர வழி கிடையாது. உங்கள் கேள்வி புதைபடிவக் குரங்கைப் பரிணாம மரத்தில் எந்தக் கிளையில் ஒட்டுவது என்பது மட்டும்தானா, எல்லா ஸ்கேன்களும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா? அப்படியானால் பிசையும் வழிக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால், அளக்கும் வழியைவிட எந்தக் குரங்குகளை அளக்கிறோம் என்பதுதான் முடிவை அதிகம் மாற்றும். பலரும் முதலில் கைநீட்டுவது தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு. கவர்ச்சியான கூட்டம். பிக்மி மார்மொசெட் 100 கிராம் அளவு. முரிக்கி அதைப்போல நூறு மடங்கு. மரத்தண்டில் நகத்தால் பற்றி ஏறுவது, தாவுவது, நான்கு காலில் நடப்பது, வாலில் தொங்குவது எல்லாம் அங்கே உண்டு. வடிவங்களும் அப்படியே பரந்து விரியும், வரைபடம் அழகாக வரும்.

ஆனால் தொங்குகிறவை யார் என்று பாருங்கள். சிலந்திக் குரங்கு, கம்பளிக் குரங்கு, முரிக்கி. மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் உடல் பெருத்தவை. நகத்தால் பற்றி ஏறும் குட்டிகள் மார்மொசெட்டுகளும் டாமரின்களும். அவையும் ஒரே குடும்பம், எல்லாமே சிறியவை. ஆக எடை, நகரும் முறை, மரபு மூன்றும் ஒரே கயிற்றில் முடிச்சுப்போட்டிருக்கின்றன. சிலந்திக் குரங்கின் உட்செவி மார்மொசெட்டுடையதைப் போல இல்லை என்றால் அதற்குத் தொங்குவது காரணமா, பெரிய உடலா, வேறு பாட்டியா? 1985இல் ஃபெல்சென்ஸ்டைன் எச்சரித்தது இதைத்தான்: இனங்கள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே வீட்டு ஆட்கள் ஐந்து பேர் ஒன்றையே சொன்னால் அது ஐந்து சாட்சி ஆகாது. மரபுறவைச் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் முறைகள் இந்த முடிச்சை ஓரளவு தளர்த்தும். ஆனால் ஒரே ஒரு முறை நடந்த மாற்றத்தை அவற்றால் பல முறை நடந்ததாக்க முடியாது.

தென் அமெரிக்காவிலேயே இருக்க வேண்டுமென்றால் குடும்பத்துக்கு உள்ளே ஒப்பிடுவது நல்லது. சிலந்திக் குரங்கும் ஊளைக் குரங்கும் ஒரே குடும்பம், எடையும் அருகருகே. ஒன்று கைமாற்றிக் கைமாற்றி வேகமாக ஓடுவது, மற்றது இலை தின்றுவிட்டு நிதானமாக நடப்பது. அதேபோல வெள்ளைமுக சாக்கி பாய்ந்து தாவுவதில் கெட்டிக்காரன். அதன் நெருங்கிய சொந்தமான தாடிச் சாக்கி பெரும்பாலும் நான்கு காலில் நடக்கிறது.

எனக்குப் பிடித்த களம் ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகள். வடிவ வேறுபாடு அங்கே குறைவாகத்தான் இருக்கும், படம் அவ்வளவு பகட்டாக வராது. பரவாயில்லை. மரத்திலிருந்து தரைக்கு இறங்குவது என்ற ஒரே மாற்றம் அங்கே தனித்தனிக் கிளைகளில் பார்க்கக் கிடைக்கிறது. மங்கபே என்ற பெயரில் இரண்டு பேரினங்கள் இருக்கின்றன: செர்கோசீபஸ், லோஃபோசீபஸ். நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். மரபணுக்கள் வேறு கதை சொல்லின: செர்கோசீபஸ் மாண்ட்ரிலின் சொந்தம், லோஃபோசீபஸ் பபூனின் சொந்தம். முதலாவது பெரும்பாலும் தரையில் இரை தேடும், இரண்டாவது மரத்தைவிட்டு இறங்குவது அபூர்வம். பபூனும் தரையில் நடப்பதுதான். அதன் உட்செவி, நகர்வில் ஒத்த செர்கோசீபஸுடையதைப் போல இருக்கிறதா, சொந்தமான லோஃபோசீபஸுடையதைப் போலவா? நகர்வும் மரபும் இங்கே எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதால் எது வெல்கிறது என்று பார்க்க முடியும். இயற்கை நமக்காக நடத்தி வைத்த சோதனை இது.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. தரையில் ஓடும் பட்டாஸ் குரங்கு, வெர்வெட், லோயெஸ்ட் குரங்கு மூன்றையும் மூன்று தனி நிகழ்வுகள் என்று எண்ணத் தோன்றும். மரபணு ஆய்வுகள் அவற்றை ஒரே கிளையில் சேர்க்கின்றன. அப்படியானால் தரைக்கு இறங்கியது ஒரே ஒரு முறை. எண்ணிக்கையில் மூன்று, சாட்சியத்தில் ஒன்று.

ஸ்கேன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மருத்துவமனை சிடி ஸ்கேனில் ஒரு துளி, அதாவது படத்தின் மிகச் சிறிய அலகு, சுமார் அரை மில்லிமீட்டர். பபூன் போன்ற பெரிய மண்டையோட்டில் ஆரம் அளக்க அது போதும். மார்மொசெட்டின் குழலுக்கு அந்தத் துளி மிகப் பெரிது, அதில் மையக்கோடு வரைவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது போல. சிறியவற்றுக்கு இன்னும் நுணுக்கமாகப் படமெடுக்கும் மைக்ரோ சிடி வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. மார்ஃபோசோர்ஸ் போன்ற இணையக் களஞ்சியங்களில் அருங்காட்சியக மண்டையோடுகளின் ஸ்கேன்கள் ஏராளம். பிரித்தெடுக்கவும் புள்ளி வைக்கவும் 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம். உள்ளே இருக்கும் சவ்வுக் குழலையே அளக்கலாமே என்று கேட்டால், இயற்பியலுக்கு அதுதான் சரி. ஆனால் அதற்குச் சாயமேற்றிய மென்திசு வேண்டும், புதைபடிவத்தில் அது கிடையாது.

காக்ளியாவைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் தயக்கம் வேண்டாம்: தனியாக வையுங்கள். பிரைமேட்டுகளில் காக்ளியாவின் கொள்ளளவு பெரிதானால் தாழ்ந்த அதிர்வெண்கள் நன்றாகக் கேட்கும் என்பதை 2009இலேயே கிர்க்கும் காசலின்-இல்டாரியும் காட்டினார்கள். அது கேட்டலின் கதை. குழல்களோடு சேர்த்து ஒரே வடிவமாகப் பொருத்தினால் காக்ளியாவின் சுருள் மாற்றம் குழல்களைத் தள்ளிவிட்டது போலக் கணக்கு காட்டும்.

கடைசியாக, ஓர் இனத்துக்கு எத்தனை தலைகள். ஒன்று போதும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. 2012இல் பில்லேயும் கூட்டாளிகளும் மரத்தில் மிக மெதுவாக நகரும் மூவிரல் ஸ்லாத் என்ற விலங்கின் குழல்கள் ஒரே இனத்துக்குள்ளேயே கண்டபடி மாறுவதைக் காட்டினார்கள். மந்தமாக நகர்கிறவற்றுக்குக் குழல் சற்றுக் கோணியிருந்தாலும் நஷ்டமில்லை, இயற்கைத் தேர்வு பிடியைத் தளர்த்திவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். 2016இல் பெரியே, லெப்ரன், மரிவோ மூவரும் பிரைமேட்டுகளில் மந்தமானவற்றையும் வேகமானவற்றையும் ஒப்பிட்டபோது அங்கேயும் மாறுபாட்டின் அளவு ஒன்றாக இல்லை. ஆகவே பணமும் நேரமும் அளவோடு இருந்தால் கூடுதல் தலைகளைச் சிலந்திக் குரங்குக்குக் கொடுப்பதைவிட ஊளைக் குரங்குக்குக் கொடுப்பேன்.

புதைபடிவத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சிலியின் ஆண்டிஸ் மலையில் கிடைத்த, சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய சிலெசீபஸுக்கு ஒரே ஒரு மண்டையோடு. அதன் உட்செவியை 2010இல் நீ, ஃபிளின், வைஸ் மூவரும் ஸ்கேன் வழியே விவரித்தார்கள். இப்படிப்பட்ட ஒற்றைத் தலையை உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கும்போது, இன்று வாழும் குரங்குகளில் ஓர் இனத்தின் புள்ளிகள் எவ்வளவு அகலம் சிதறுகின்றனவோ அதே அகலத்தில் ஒரு வட்டத்தை அதைச் சுற்றிப் போட்டுவிடுங்கள். பல நேரங்களில் அந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் வந்து உட்கார்ந்துவிடும்.